வெளிச்சத்தைப் பார்த்து நட

கயிறு விறைத்திருந்தது.

பால்கனிக் கம்பியில் எங்கோ சிக்கிக்கொண்டது என்றுதான் ஹுஸ்னா முதலில் நினைத்தாள். பர்மாவின் இந்தப் பசுந்தாங் பேட்டையில் நாலு மாடி ஏறி வந்து கதவைத் தட்டுகிற வழக்கம் கிடையாது. ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு நைலான் கயிறு தொங்கும். மேல்நுனியில் மணி, கீழ்நுனியில் கவ்வி. வருகிறவர் கீழே நின்று கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுத் தெருக்கதவுச் சாவியைக் கவ்வியில் மாட்டி இறக்குவாள். காலையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியாப் பொட்டலமும் அதே கயிற்றில்தான் ஏறி வரும்.

அன்று மின்சாரம் போயிருந்தது. அந்தி மஃரிபு தொழுதுவிட்டு எழுந்து, சார்ஜ் விளக்கை பால்கனியில் கொண்டுவந்து வைத்தாள். வைத்த கை எடுப்பதற்குள் மணி அடித்தது. எட்டிப் பார்த்தால் கீழே யாரும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் லுங்கியை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு விசிறியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மே மாதத்துப் புழுக்கம். மழை வருவேன் வருவேன் என்று மேகத்தைக் காட்டிவிட்டு ஆற்றுப் பக்கம் போய்விடுகிற நாட்கள். அந்தப் புழுக்கத்தில் கயிறு கம்பிபோல் நீட்டி நின்றது. சுருட்டி மேலே இழுத்தபோது மடங்க மாட்டாமல் முறுமுறுத்தது. கவ்வியைத் தொட்டவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். விரல்நுனி சுட்டதுபோல் எரிந்தது. சூடு இல்லை. குளிர்.

"யாரு மதினி?" உள்ளறையிலிருந்து அப்ஸானாவின் குரல்.

"யாருமில்லம்மா. பிள்ளைங்க விளையாடுது."

அப்ஸானா தம்பி மனைவி. நான்கு மாதமாக அந்த அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை, இத்தா இருக்கிறாள். புருஷனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டிய காலம். இன்னும் சில நாட்களில் அது முடிந்துவிடும். அவளுடைய அண்ணன் சர்ஃபராஸ் வந்து மௌல்மீனுக்கு அழைத்துப் போவார். அதற்கு முன்னால் ஹுஸ்னா ஒன்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்தான். நான்கு மாதமாக அது தொண்டையில் மீன் முள்ளாய் நிற்கிறது.

தம்பி அமீர் அலி கனடாவின் சமவெளிக்கு வேலைக்குப் போனவன். கறி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவான். எச்சில்கூட உறைகிற ஊரை ஏதோ பொருட்காட்சிபோல் அக்காவுக்குச் சுற்றிக் காட்டுவான். "லாத்தா, பாருங்க, ஏரி மேல காரை நிறுத்தியிருக்கோம். நெசமா, கீழ தண்ணி!" என்று காலால் தட்டிக் காட்டுவான். ஏரியின் மேலேயே கக்கூஸ் அளவுக்கு ஒரு மரக்கூண்டு. அதற்குள் பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டில் இறக்கிவிட்டு, நாலு ஆண்கள் முட்டிக்கு முட்டி உட்கார்ந்து டீ குடிப்பார்கள். "இதுதான் இங்க பொழுதுபோக்கு லாத்தா. மீன் வராது. வந்தாலும் விட்டுருவாங்க." கொதிக்கிற தண்ணீரை மேலே வீசிக் காட்டினான், அது கீழே விழவே இல்லை, புகையாய்ப் போயிற்று. "இங்க நிலம் எவ்வளவு தட்டைன்னா, நாளைக்கு வரப்போற லாரியை இன்னிக்கே பார்த்துரலாம்."

"பனி எப்படிடா வாசம் வரும்?" என்று ஒருமுறை கேட்டாள்.

கொஞ்சம் யோசித்தான். "வாசமே இல்ல லாத்தா. எல்லா வாசமும் செத்துரும். மூக்குக்குள்ள முடி மட்டும் ஊசியாக் குத்தும்."

நடக்கும்போது போனைக் காலருகே பிடித்து அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தான். நறநற. நறநற. கல்லுப்பை மிதிக்கிற மாதிரி.

மறுநாளும் மின்சாரம் போயிற்று. விளக்கை பால்கனியில் வைத்தாள். அந்தத் தெருவில் அந்நேரத்தில் வேறு வெளிச்சம் இல்லை. ஓடையின் சேற்று வாடை, பக்கத்துக் கடைக் கருவாடு, யார் வீட்டிலோ எண்ணெயில் பொரிகிற வெங்காயம், எல்லாம் சேர்ந்து வெந்நீர் ஆவிபோல் மேலே வந்துகொண்டிருந்தன.

பிறகு நின்றன.

யாரோ மூடி போட்டதுபோல. அவள் மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. சேறு இல்லை, கருவாடு இல்லை, தன் மேலாடையின் வியர்வை நாற்றம்கூட இல்லை. மூக்குக்குள் ஊசி ஊசியாய்க் குத்திற்று.

மணி அடித்தது.

இழுத்துப் பார்த்தாள். கவ்வியின்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். நகக்கண்ணில் ஒரு நொடி இருந்துவிட்டுத் தண்ணீராயிற்று. விளக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்து கதவைச் சாத்தினாள். பயம் விலக ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினாள். சின்ன வயதிலிருந்து தூக்கத்திலும் ஓதுகிறது, பாதியில் நின்றுபோயிற்று.

ஜனவரியில் அமீரின் சாவுச் சேதியைச் சொன்னவன் ஜாபர். அமீரோடு அறையில் தங்கியிருந்தவன், பக்கத்துத் தெருப் பையன். போனில் அழுதுகொண்டே சொன்னான்: "வண்டி ரோட்டை விட்டு பள்ளத்துல இறங்கியிருக்கு. பனிக்காத்து. எனக்குப் போன் அடிச்சான்க்கா. எறங்காதடா, உள்ளயே இரு, ஆள் அனுப்புறேன்னேன். வந்த அன்னைக்கே எல்லாருக்கும் சொல்லித் தர்றது இதான். வண்டிலயே இருந்தா பொழைச்சுக்கலாம். அவனுக்கும் தெரியும்க்கா. தெரிஞ்சும் எறங்கி நடந்திருக்கான். வண்டி கெடைச்ச எடம் வேற, அவன் கெடந்த எடம் வேற." மூக்கை உறிஞ்சினான். பிறகு, "சட்டையெல்லாம் கழட்டிப் போட்டிருந்தான். பூட்ஸ்கூட இல்ல. கடைசில ஒடம்பு கொதிக்கிற மாதிரி இருக்குமாம்."

தெரிந்தும் ஏன் இறங்கினான்? வந்தவர் எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள். வாய்விட்டுக் கேட்காதவர்கள் கண்ணால் கேட்டார்கள். வேண்டுமென்றே போனானோ? அப்ஸானா அதற்குத் தானே ஒரு பதிலைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். முந்தின நாள், என்னை எப்பத்தான் கூப்பிட்டுக்குவீங்க என்று சண்டை போட்டு, அழுது, போனை வைத்திருந்தாள். "நான்தான் மதினி அவங்களை நடக்க விட்டேன்" என்று சொல்லிச் சொல்லி, சோற்றைப் பிசைந்த கை காயக் காய உட்கார்ந்திருப்பாள். ஹுஸ்னா அவள் தலையைத் தடவிக் கொடுப்பாள். அதையும் இதையும் பேசுவாள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பேசமாட்டாள்.

அமீர் ஜாபருக்குப் பிறகு இன்னொருவருக்கும் பேசியிருந்தான்.

இங்கே அப்போது நல்ல வெயில். மீன் கடையில் நின்றிருந்தாள். சினைப்பட்ட உல்லம் மீன் ஒன்றை விலை பேசிக் கையில் பிடித்திருந்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன்.

"லாத்தா, வண்டி மாட்டிக்கிச்சு. ஒண்ணுமே தெரியலை, எல்லாம் வெள்ளை. ஜாபர் உள்ளயே இருக்கச் சொல்றான். எனக்குப் பயமா இருக்கு லாத்தா."

"பக்கத்துல வீடு எதுவும் இல்லியா?"

"ஒரு வெளிச்சம் தெரியுது. அப்பப்ப. பக்கத்துலதான் மாதிரி இருக்கு."

அவர்கள் அப்பா பீர் முகைதீன் டாக்ஸி ஓட்டியவர். ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் இடுப்பளவு ஏறி வண்டி நின்றபோது, இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு இறங்கி, தூரத்து டீக்கடை வெளிச்சத்தைப் பார்த்தே நடந்து கரைசேர்த்தவர். உள்ளேயே உட்கார்ந்திருந்த பக்கத்து வண்டிக்காரன் பிழைக்கவில்லை. நின்ற வண்டியில் உட்காராதே என்பது அந்த வீட்டின் பாடம். அதற்குள் மீன்காரி அந்த உல்லத்தை அவள் கையிலிருந்து வாங்கி வேறொருத்திக்குக் காட்டத் தொடங்கியிருந்தாள்.

"வாப்பா சொன்னதெல்லாம் மறந்துபோச்சா? வண்டிக்குள்ள உக்காந்து சாகப்போறியா? எல்லாத்துக்கும் என்னைக் கேட்டுக்கிட்டு! எறங்கு. வெளிச்சத்தைப் பார்த்து நட. நிக்காம நட."

"சரி லாத்தா."

கதவு திறக்கிற சத்தம். காற்று. பிறகு நறநற, நறநற. மீனைச் சுற்றித் தரச் சொல்வதற்காக அவள் போனை வைத்தாள். அன்று உல்லம் குழம்பு நன்றாக வந்திருந்தது.

அடுத்த மாலை கவ்வியில் ஒரு கையுறை ஏறி வந்தது. தடித்த கறுப்பு, மணிக்கட்டில் சிவப்புப் பட்டை. வீடியோவில் அதைப் போட்டுக்கொண்டுதான் கொதிதண்ணீரை வீசினான். விரல்கள் ஐந்தும் எதையோ பிடித்திருந்ததுபோல் மடங்கி, கல்லாய் இருந்தது. இப்போதாவது உள்ளே எடுத்துப்போய் அந்தப் பெண்ணின் மடியில் வைத்துச் சொல்லியிருக்கலாம். ஹுஸ்னா அதைப் பேப்பரில் சுற்றிப் பின்சந்துக் குப்பையில் போட்டாள். கைகழுவினாள். விரல்கள் வெகுநேரம் மரத்தே இருந்தன. விளக்கு வைத்தால்தான் மணி அடிக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இனி விளக்கு வேண்டாம்.

வைக்கவில்லை. இருட்டிலேயே சமைத்தாள், இருட்டிலேயே தொழுதாள். மணி அடிக்கவில்லை. ஆனால் எங்கோ தூரத்தில், ஓடைக்கும் அப்பால், யாரோ தடம் தெரியாமல் சுற்றிச் சுற்றி வருவதுபோல ஒரு சத்தம் காதுக்குள் இருந்துகொண்டே இருந்தது. தலையணையை அழுத்திக்கொண்டாலும் கேட்டது.

இத்தா முடிந்த அன்று அப்ஸானா குளித்து, தலை வாரி, கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பெட்டி கதவோரம் தயாராக இருந்தது. இருட்டத் தொடங்கியது. விசிறி மெதுவாகி நின்றது.

"மீ போச்சு," என்றாள். பர்மியர்களைப்போல அவளும் மின்சாரத்தை மீ என்றுதான் சொல்வாள். "அண்ணனுக்கு நாலு மாடி இருட்டுல ஏறணும்." சிரிக்கப் பார்த்தாள். "ஏற்கெனவே பொதிமாடு மாதிரி மூச்சு வாங்குவாங்க."

ஹுஸ்னா பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

"மதினி. ஒண்ணு கேக்கட்டா? கடைசியா ஒரு வாட்டி." வளையல் இல்லாத மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள். "அன்னைக்கு அவங்க உங்ககிட்ட பேசவே இல்லியா? நீங்க சொன்னா எதுவும் கேப்பாங்களே. உங்ககிட்டகூடப் பேசாமப் போயிருந்தாங்கன்னா, அப்ப அது என்னாலதான். நான் அதைத் தூக்கிக்கிட்டே போயிடுறேன். தெரிஞ்சா போதும்."

முள் தொண்டையில் அசைந்தது. வெளியே வர வழி திறந்துதான் இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"பேசலம்மா," என்றாள் ஹுஸ்னா.

அப்ஸானா தலையாட்டினாள். மெல்ல எழுந்தாள். மூலையிலிருந்த சார்ஜ் விளக்கை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு நடந்தாள்.

"அதை வைக்காதே."

"அண்ணனுக்கு வீடு அடையாளம் தெரியணுமே மதினி."

வைத்துவிட்டாள். மணி அடித்தது.

"வந்துட்டாங்க!"

"அப்ஸானா, பாரு, யாருன்னு பாரு, பார்க்காம எறக்காதே..."

சாவி ஏற்கெனவே கவ்வியில் இறங்கிக்கொண்டிருந்தது. "என்ன கயிறு இப்படி இருக்கு?" என்றாள் அப்ஸானா. பிறகு மூச்சை இழுத்துப் பார்த்தாள். "கருவாட்டு வாடையே காணோமே."

கீழே தெருக்கதவு திறந்தது.

படியில் சத்தம். செருப்புச் சத்தம் இல்லை. சிமெண்டுப் படியில் அப்படிச் சத்தம் வராது.

நறநற.

முதல் மாடி. ஹுஸ்னாவின் மூச்சு வெள்ளையாய் முகத்துக்கு முன் நின்றது.

நறநற. நறநற.

மூன்றாம் மாடி. எந்தத் திருப்பத்திலும் நிற்கவில்லை. மூச்சு வாங்கவில்லை.

அப்ஸானா மரக்கதவைத் திறந்தாள். இரும்புக் கதவுக்கு அப்பால் படிக்கட்டின் இருட்டு. ஹுஸ்னா பால்கனிக்கு ஓடினாள். வெளிச்சம் இல்லையென்றால் வராது. வெளிச்சம் இல்லையென்றால் வழி தெரியாது. விளக்கின் பொத்தானை அழுத்தினாள்.

இருட்டு.

சத்தம் நிற்கவில்லை. முன்னே வருவதை மட்டும் நிறுத்தியிருந்தது. இரும்புக் கதவுக்கு வெளியே, ஒரே இடத்தில். நறநற. நறநற. நறநற.

"லாத்தா." சின்ன வயதுக் குரல். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அனுமதி கேட்கிற குரல். "வெளிச்சம் போயிருச்சு லாத்தா. நீங்க எறங்கி நடக்கச் சொன்னீங்க. இன்னும் நடக்கணுமா?"

  இருட்டில் அப்ஸானா கைப்பேசியைத் தேடுவது கேட்டது. வெள்ளை வெளிச்சம் எழுந்தது.

கம்பிகளுக்குப் பின்னால் அவன் நின்றான். இடுப்புக்கு மேல் துணியில்லை. இமைமயிரெல்லாம் வெள்ளை. கையில் தெருக்கதவுச் சாவி, உள்ளங்கையோடு ஒட்டி உறைந்திருந்தது. வேர்க்கிறவனைப்போல் மார்பை மற்றக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தான். வாத்தியாரின் பதிலுக்குக் காத்திருக்கிற பையனின் சிரிப்பு. கால்கள் மட்டும் நிற்கவில்லை. வந்து சேர்ந்த பிறகும், நின்ற இடத்திலேயே, ஒன்று மாற்றி ஒன்று, தேய்ந்து எலும்பு தெரிந்த வெறுங்கால்கள், ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

அப்ஸானா அவனைப் பார்க்கவில்லை.

கைப்பேசியை மெல்லத் திருப்பி, அந்த வெளிச்சத்தை ஹுஸ்னாவின் முகத்தில் நிறுத்தினாள். அதைக் கண்டதும் அவன் கால்கள் வேகம் பிடித்தன.