பதில் குரல்

தாராவை மயினி என்று கூப்பிட அந்த வீட்டில் இப்போது ஆள் கிடையாது. அண்ணியை அப்படிக் கூப்பிட ஒருத்தி இருந்தாள், கணவனின் தங்கை லேகா. அவள் காணாமல் போய் இந்த மார்கழியோடு பன்னிரண்டு வருஷம். அதனால் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த தாராவின் காதில், கிணற்றடிப் பக்கமிருந்து அந்தச் சொல் விழுந்தபோது, கை அதுபாட்டுக்குத் துருவிக்கொண்டே இருந்தது. வெள்ளைப் பூவோடு சிரட்டையின் கறுப்பும் சேர்ந்து விழத் தொடங்கிய பிறகுதான் நிறுத்தினாள்.

ஏழரை மணி. அந்த வருஷம் அணைகளில் தண்ணீர் போதாது என்று தினமும் அரை மணி நேரம் கரண்ட் கட். பெருங்கடவிளை முழுக்க இருட்டு. முன்முற்றத்தில் தம்பி சுனில்குமாரின் குரல் கேட்டது. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருக்கிறவன், கோட்டுகாலிலிருந்து அரைப்பரீட்சை லீவுக்கு அக்கா வீட்டுக்கு வந்தவன், இங்கேயும் பயிற்சிதான் நடத்திக்கொண்டிருந்தான்.

"ஏட்டி மருமவளே, முன்னால போறவன் கூவினா பின்னால வாறவ என்ன செய்யணும்?"

"பதில் குரல் குடுக்கணும் மாமா."

"குடுக்கல்லண்ணா?"

"மாமாவுக்க பங்கு வடையையும் நான் தின்னுருவேன்."

"அது செரி. அம்மைக்க மவளாக்கும் நீ. போ, கிணத்தடியில போயி நில்லு. நான் கூவுகேன்."

அவன் கூவினான். பத்து வயது அஸ்வதி பின்பக்கத்திலிருந்து சிரிப்போடு கூவிப் பதில் சொன்னாள். அந்தப் பதில் அடங்கும் இடத்தில், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருவதுபோல, மெல்லியதாக மற்றொன்று வந்தது.

மயினீ.

தாரா கையைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். பிள்ளையை உள்ளே கூப்பிட வேண்டும். ஆனால் கூப்பிட்டால் தன் குரல் வெளியே போகும். அதைக் கேட்பது யார் என்ற நினைப்பில் மூன்றாவது முறையும் கையைக் கழுவினாள்.

லேகா காணாமல் போன ஆனைக்கசத்துக்குப் போவதென்று முடிவானது மாமியார் உமையம்மாளால்தான். உடல் கிடைக்காதவர்களுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தர்ப்பையில் உருவம் செய்து, காணாமல் போன இடத்திலேயே சடங்கு செய்து கரையேற்றலாம். அதுவரை உமையம்மாள் மகளைச் செத்தவள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "வரல்ல" என்பாள், அவ்வளவுதான். இப்போது அவளே சொன்னாள், எல்லோருமாகப் போவோம், பிள்ளையும் வரட்டும், அது அழகான இடமாக்கும், கண்ணீரோடு மட்டும் ஓர்மை வெச்சா லேகாவுக்குப் பிடிக்காது என்று.

சுனில்குமார் அதை ஒரு பெரிய நடைப் பயணமாகவே ஆக்கிவிட்டான். சாப்பாட்டு மேசையில் நோட்டுத்தாளை விரித்து ஆற்றை வரைந்தான். அணைக்கட்டு வரை ஜீப்பு. அங்கிருந்து காட்டுப்பாதை. பிறகு ஆறு இரண்டு மலைகளுக்கு நடுவே ஒடுங்கி, யானை முதுகு போன்ற பாறைகளைச் சுற்றிச் சுற்றி ஓடும் இடுக்கு. பத்தடிக்கு முன்னால் போகிறவனைப் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது, அதற்குத்தான் இந்தக் கூவல். இடுக்கின் முடிவில் ஆனைக்கசம், ஆழமான மடு. பொதிச்சோறு யார் சுமப்பது, அத்தையை எந்த இடத்தில் கைபிடித்து இறக்குவது, எல்லாம் எழுதியாகிவிட்டது. கைலாசநாதன் பக்கத்தில் உட்கார்ந்து மனைவியின் பெயருக்கு எதிரே தன் கையாலேயே எழுதினான்: தாராவுக்கு வழுக்காத செருப்பு.

அதைப் படித்தபோது தாராவுக்குக் காது மடல்கள் எரிந்தன.

அன்றைக்கும் செருப்புதான். கல்யாணமாகி ஐந்தாம் மாசம் அது. கோட்டுகாலில் மணலில் வெறுங்காலோடு வளர்ந்தவள், மலையேறப் போகிறோமென்று முதன்முதலாகத் தோல்செருப்பு வாங்கிப் போட்டிருந்தாள். இரண்டு பாறை தாண்டுவதற்குள் மூன்று முறை வழுக்கினாள். பதினேழு வயது லேகா, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தாரா நடப்பதுபோலவே பிருஷ்டத்தை ஆட்டி ஆட்டி நடந்து காட்டினாள். "மயினிக்க நடையைப் பாருங்கோ, வாத்து போகுது வாத்து!" எல்லோரும் சிரித்தார்கள். கைலாசநாதனும் சிரித்தான். தாரா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பின்தங்கி, ஒரு பாறைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். தேடட்டும் கொஞ்சம், என்று நினைத்தாள்.

லேகாதான் தேடி வந்தாள். முதல் கூவல் விளையாட்டாக இருந்தது. இரண்டாவதில் கோபம். மூன்றாவதில், "மயினி, நான் சும்மா செய்ததாக்கும், வாங்கோ." தாரா வாய் திறக்கவில்லை. மனம் இளகிக்கொண்டுதான் வந்தது. இன்னும் ஒரு தடவை கூப்பிட்டால் எழுந்துவிடலாம் என்றிருந்தாள். பிறகு ஒரு சறுக்கல் சத்தம். நான்காவது குரல் வேறு மாதிரி இருந்தது. "மயினி, காலு பாறைக்கெடையில மாட்டியாச்சு. கையைத் தாங்கோ மயினி."

அப்போது எழுந்திருக்கலாம். எழுந்தால், இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டா இருந்தாய் என்று அவள் கேட்பாள். போய் எல்லோரிடமும் சொல்வாள். வெட்கம் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தது. ஐந்தாவது குரலுக்கு, நாலு குரலின் வெட்கம். ஆறாவதற்கு, ஐந்தின் வெட்கம். மேலே மலையில் மழை பெய்திருக்க வேண்டும். பாறையோரத் தண்ணீர் செம்மண் நிறமாக மாறி, கண்ணெதிரே ஒரு சாண் ஏறியது. ஏழாவது முறை வந்த குரலில் தண்ணீர் இருந்தது.

"தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல்ல" என்று தாரா எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு மழை இரவும் தூக்கத்தில் நடுங்கும் அவளைக் கைலாசநாதன் அணைத்துக்கொண்டு, "நீ என்ன செய்வ, தண்ணி சத்தமில்லியா" என்று முதுகைத் தடவிக்கொடுத்தான். அந்தக் கை படுகிற இடமெல்லாம் அவளுக்குக் கூசியது.

இரண்டாம் நாள் கரண்ட் போனபோது, தாரா அஸ்வதியை அடுக்களையிலேயே உட்கார வைத்து உளுந்து பொறுக்கச் சொன்னாள். மண்ணெண்ணெய் விளக்கின் திரி சிமிட்டியது. திறந்த ஜன்னல் வழியாக முதலில் மணம் வந்தது. கிணற்றுப் பாசியின் மணம் அவளுக்குத் தெரியும், இது வேறு. வெயில் படாத பாறையின், அழுகிய இலையின், குளிர்ந்த ஆற்றின் மணம். அதன் பின்னால், துணி துவைக்கும் கல்லின்மேல் ஈரக் கைகள் ஊன்றி ஊன்றி நகர்வதுபோல ஒரு சத்தம்.

மயினீ.

கிணற்றடியிலிருந்து துவைகல் வரை வந்துவிட்டது. நேற்றைவிட இன்று பத்தடி நெருக்கம்.

அஸ்வதி தலையை நிமிர்த்தினாள். "அம்மா, ஆரோ..."

தாரா பாய்ந்து பிள்ளையின் வாயைப் பொத்தினாள். கைக்குள் சிறு மூச்சு சூடாக முட்டியது. பிள்ளையின் கண்கள் பெரிதாகி அவளையே பார்த்தன. அந்தப் பார்வையை எதிர்கொள்ள முடியாமல் அவள் விளக்கைப் பார்த்தாள். கரண்ட் வரும்வரை அப்படியே இருந்தார்கள். அதன் பிறகு தாரா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஆருட்டயும் சொல்லப்பிடாது."

மூன்றாம் நாள் சாயங்காலம், சடங்கு செய்து வைக்கும் போத்தி சொன்னபடி, நாள் குறிக்குமுன் கேட்க வேண்டியதைக் கேட்பதற்காக உமையம்மாள் எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்தாள். இருட்டியதும் குத்துவிளக்கு ஏற்றினாள். கரண்ட் சரியாகப் போனது. ஜன்னலுக்குக் கீழே அஸ்வதி, அடுத்து சுனில்குமார், கைலாசநாதன், தாரா. ஆற்றின் படம் மேசைமேல் கிடந்தது.

கேட்க வேண்டியது ஒரே கேள்வி. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் இந்த வீட்டில் யாராவது அவளைப் பார்த்தீர்களா, அவள் குரலைக் கேட்டீர்களா? ஒருத்தர் கேட்டிருந்தாலும் கணக்கு அன்றிலிருந்து மறுபடி தொடங்கும். சடங்கு கிடையாது. இன்னும் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் உமையம்மாள் இருக்கமாட்டாள்.

"கைலாசம், நீ கண்டியா, கேட்டியா?"

"இல்ல அம்மா."

"சுனிலு?"

"இல்ல அத்தை." முதல்முறையாக அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"தாரா?"

ஜன்னலுக்கு வெளியே மணம் வந்துவிட்டிருந்தது. சொல்லிவிடலாம். முன்னே ஏழு தடவை, இப்போது இரண்டு தடவை, எல்லாம் கேட்டேன் அத்தை என்று இந்த விளக்கின் முன்னால் சொல்லிவிடலாம். கைலாசநாதன் மேசைக்கடியில் அவள் கையைப் பிடித்தான். தைரியம் சொல்லும் பிடி. அந்தக் கையின் இதத்தில்தான் அவள் தோற்றாள்.

"கேக்கல்ல அத்தை."

உமையம்மாள் நெடுமூச்சு விட்டாள். பேத்தியின் பக்கம் திரும்பினாள். பெயருக்குக் கேட்கிற கேள்வி. "நீ மக்கா?"

அஸ்வதி விளக்கையே பார்த்தாள்.

"கேட்டேன்."

திரி பொரிந்தது.

"கரண்டு போனா கூப்பிடும். அம்மையும் கேட்டா. நேத்து எனக்க வாயைப் பொத்தினா."

"என்ன சொல்லி மக்கா கூப்பிட்டு?" உமையம்மாளின் குரல் உடைந்தது.

"மயினிண்ணு. காலு பாறைக்கெடையில மாட்டியாச்சு, கையைத் தாங்கோ மயினிண்ணு." பிள்ளை அப்பாவைப் பார்த்தாள். "மயினிண்ணா ஆருப்பா?"

கைலாசநாதனின் பிடி தளர்ந்தது. கால் மாட்டிக்கொண்டதென்று யாருக்குமே தெரியாது. வழுக்கி விழுந்தாள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார்கள். அவன் தாராவைப் பார்த்தான். கோபமில்லை அந்தப் பார்வையில். தான் தடவிக்கொடுத்த ஒவ்வொரு இரவையும் ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்ப்பதுபோலிருந்தது. பிறகு கையை முழுதாக எடுத்துக்கொண்டான்.

"பிள்ள பயந்து பெயிட்டு" என்றான் சுனில்குமார். "கனா கண்டிருப்பா..."

"கனா இல்ல மாமா. நீங்கதான சொல்லித் தந்திய, கூப்பிட்டா பதில் குரல் குடுக்கணும்ணு. குடுத்தாச்சு."

"எப்பம்?"

"இப்பம். நீங்க எல்லாரும் இல்ல, இல்லண்ணு சொல்லும்போ. ஜன்னல் வழியா மெதுவா. இஞ்ச இருக்கோம், வாண்ணு."

வெளியே, கிணற்றடியில், வாளி உருண்டது.



ஓர் அடி. ஈரமான காலடி. பிறகு எதுவோ இழுபடும் சத்தம். மறுபடி ஓர் அடி. இழுபடுதல். துவைகல்லைத் தாண்டி. படியில் ஓர் அடி. இழுபடுதல்.

நின்றது.

பின்கதவை எதுவும் தட்டவில்லை. விரல்கள் மரத்தைத் தடவும் ஓசை மட்டும். பழகிய கதவைக் கண்தெரியாதவர்கள் தடவுவதுபோல.

உமையம்மாள் எழுந்தாள். அவள் முகத்தில் தாரா இதுவரை பார்த்தேயிராத ஒரு வெளிச்சம். கொடியில் கிடந்த துவர்த்துத் துணியை உருவிக்கொண்டு, "தலை நனைஞ்சிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லியபடி பின்பக்கம் போனாள்.

"அம்மா, திறக்காதுங்கோ!" கைலாசநாதன் கத்தினான். எழ முயன்றான். அதற்குள் அவள் கதவருகே போயிருந்தாள்.

தாழ் விலகியது. குளிர் உள்ளே வந்தது. விளக்கு அணைந்தது.

இருட்டில், ஈரத்தலையைத் துணியால் அழுத்தித் துவட்டும் சத்தம். பிள்ளைகளைக் குளிப்பாட்டிய எந்தத் தாய்க்கும் தெரிந்த சத்தம். அதோடு உமையம்மாளின் கொஞ்சல். "எம்புட்டு முடி மக்கா. எம்புட்டு முடி."

எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது.

எல்லா பல்புகளும் எரிந்தன. அடுக்களை தாண்டிப் பின்வாசல் வரை வெளிச்சம். வெளிச்சம் வந்ததும் அது இல்லாமல் போகும் என்று தாரா எப்படியோ நம்பியிருந்தாள். இருந்தது. உமையம்மாள் முதுகைக் காட்டி நின்று துவட்டிக்கொண்டிருந்தாள். துவர்த்துக்குள் ஒரு தலை. அதன் கீழே பன்னிரண்டு வருஷமாக யாரும் வெட்டாத முடி, படியில் வழிந்து, முற்றத்தைக் கடந்து, கிணற்றின் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி, உள்ளே இறங்கியிருந்தது. அவள் துவட்டத் துவட்ட அது கிணற்றிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது.

"தாரா." உமையம்மாள் சந்தோஷமாகத் திரும்பினாள். "உன்னயாக்கும் கூப்பிடுதா. பதில் சொல்லேன் மக்கா."

தாரா வாயைத் திறந்தாள். கணவன் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் வரவில்லை.

துவர்த்துக்குள் இருந்த தலை மெல்ல ஒருபக்கமாகச் சாய்ந்தது. காது கொடுத்துக் கேட்பவளைப் போல, அவசரம் எதுவும் இல்லாமல், காத்துக்கொண்டு நின்றது.