பேய்ச்சித்திரப் பெருவிழாவில் நடுங்க ஆள் தேவை

தை பிறந்தால் ஈரோட்டில் பேய்ச்சித்திரப் பெருவிழா, மாசியில் சேலத்தில் மாயக்கலை மாநாடு, பங்குனியில் கோவையில் இன்னொரு கூத்து. எல்லாவற்றுக்கும் தமயந்தியைத்தான் கேட்டிருந்தார்கள். பல் துலக்கிவிட்டுக் கண்ணாடி முன் நின்று, உதட்டை நடுங்கவைத்துப் பார்த்தாள். நன்றாகவே நடுங்கியது. இந்த மூதேவிகளுக்கு இது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊரில் யாருக்கும் பயம் கிடையாது. பிறந்த குழந்தைக்கே அச்சநீக்கி ஊசி போட்டுவிடுகிறார்கள். பிறகு பேய் ஓவியம் எதற்கு என்று கேட்டால், அங்கேதான் வேடிக்கை. கூட்டம் முன்னைவிட அதிகம். ஆனால் ஒரு பயலும் படத்தைப் பார்ப்பதில்லை. படத்தின் முன்னால் ஒருத்தி நடுங்குவதைப் பார்க்கத்தான் டிக்கெட் எடுக்கிறான். அதற்கென்றே சிலருக்கு ஊசி போடாமல், 'நடுங்குநர்' என்று உரிமம் கொடுத்து விட்டுவைத்திருந்தது அரசு.

தமயந்தியின் வீட்டிலும் பயப்பட அவள் ஒருத்திதான். நேற்று மகள் நறுமுகை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நடந்தாள். "விழுந்தா விழுகட்டும், காலு ஒடஞ்சா ஒட்ட வெச்சுக்கலாம்" என்று கீழே நின்று சிரித்தான் அப்பன் குமரேசன். ஊசி போட்ட பெருந்தன்மை! தலைதெறிக்க ஓடிப் பிள்ளையை இழுத்தவள் தமயந்தி.

விழாவுக்கு முன் மண்டபத்தில் ஒத்திகை. இந்த ஆண்டு புதிதாக மணிக்கட்டில் பயமானி கட்டினார்கள். எதிரே ஆளுயரப் பிசாசு, வாய்க்குள் வாய், அதற்குள்ளும் பல். வரைந்தவனுக்கே பயம் தெரியாது; உப்பு தெரியாதவன் வைத்த குழம்பு மாதிரித்தான் இருக்கும். தமயந்தி வீறிட்டாள், நெஞ்சைப் பிடித்துச் சரிந்தாள். ஓவியர்கள் புளகாங்கிதம் அடைந்தார்கள். சீ, இதுகளும் கலைஞர்களாம்!

அமைப்பாளர் சென்னியப்பன் மட்டும் பயமானியைப் பார்த்தார்.

"ஏனம்மிணி, முள்ளு அசையவே இல்லீங்களே?"

"மிஷின் கெட்டுப்போச்சுங்க."

"மிஷின் நல்லாத்தான் இருக்குதுங்க. பயம் போயிட்டா உரிமம் செல்லாது, உரிமம் இல்லாட்டி ஊசி போட்டே ஆகோணும், சட்டம் அப்படி. நாளைக்கே ஊசி போட்டுக்கலாம். வலிக்காதுங்க."

நாளைக்குப் பிறகு தமயந்தியும் குமரேசன் பக்கத்தில் நின்று சிரிப்பாள். சுவரில் பிள்ளை நடக்கும். முள் விருட்டென்று ஏறி, கருவி அலறியது.

"வேண்டாமுங்க! நானும் அப்படி ஆயிட்டா எம்புள்ள செவுத்துல ஏறுனா யாருங்க புடிச்சு எறக்குவா? உங்க கால்ல விழுகறனுங்க!"

ஓவியர்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். இப்படியொரு நடுக்கத்தை அவர்கள் கண்டதே இல்லை. யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

சென்னியப்பனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அடடா, உங்க உரிமத்தை ஆரும் தொட மாட்டாங்க அம்மிணி! ஏப்பா, இந்தப் படத்தையெல்லாம் கழட்டுங்க. மண்டபத்து நடுவால நல்ல ஒசரமா ஒரு செவுரு கட்டுங்க." அவளிடம் அன்பாகக் குனிந்தார். "பாப்பாவுக்கு எந்தக் கலர்ல கவுன் புடிக்குமுங்க?"

காறித் துப்ப வேண்டும் போலிருந்தது, வாய் உலர்ந்துகிடந்தது. அவர் கண்ணில் கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இல்லை. அதைப் பார்த்ததும் முள் இன்னும் மேலே போனது. கைதட்டல் ஓயவே இல்லை.