ஊசி படுத்த இடம்

வெள்ளைத் துணியைப் பார்த்ததும் ஏற வேண்டிய வெளிச்சமானி ஊசி, கேமராவுக்குள் படுத்துக்கொண்டது.

ஞானதுரைக்கு அது பிடிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். அவர் படமெடுத்தால் செத்த மாடும் எழுந்து போஸ் கொடுக்கும் என்று ஊருக்குள் பேச்சு. பேச்சைக் கிளப்பியவரும் அவர்தான். இராஜபாளையத்து பேண்டேஜ் ஆலை ஒன்றின் உலர்த்தும் கொட்டகையை விளம்பரத்துக்குப் படம்பிடிக்க வந்திருந்தார். சாப்பாட்டு நேரம், தறிகள் ஓய்ந்திருந்தன. கூரைக் கண்ணாடி வழியே இறங்கிய உச்சி வெயில், கொடிகொடியாகத் தொங்கிய ஈரக் காஸ் கட்டுத்துணிகளுக்குள் புகுந்து, பிளீச்சிங் நெடியோடு சேர்ந்து கண்ணைக் கரித்தது.

"போன தடவ எடுத்த படத்துல துணியெல்லாம் அடுப்பு தொடச்ச மாதிரி இருந்துச்சு, அண்ணாச்சி" என்றிருந்தான் கூட வந்த சூப்பர்வைசர் காளிராஜ். அவனும் வெள்ளைச் சட்டைதான். "இன்னிக்கும் கறுத்துச்சுன்னா மொதலாளி கேமராவோட உங்களையும் பிளீச்சிங் தொட்டியில முக்கிருவாரு."

"ஏலே, கேமராவுக்கு உலகமே சாம்பல் நிறம். வெள்ளையக் காட்டுனா பயந்துபோயி வெளிச்சத்தக் கம்மியா வாங்கும். நாமதான் பிளஸ் ரெண்டு வச்சு கூட்டிக் குடுக்கணும். கறுப்புக்கு மைனஸ். அம்புட்டுதான்."

துணிகளை விலக்கிப் பிடிக்கக் காளிராஜ் உள்ளே போனான். அவன் சிரிப்பு கொஞ்ச தூரம் போய் நின்றது.

ஊசி படுத்தது அப்போதுதான்.

டயலைப் பார்த்தார். பிளஸ் இரண்டிலேயே இருந்தது. பூச்சியத்துக்குத் திருப்பியும் ஊசி எழவில்லை. பேட்டரியோ என்று வாசல் பக்கம் திரும்பினார், துள்ளி ஏறியது. துணிப் பக்கம் திரும்பினால் படுத்தது. கேமரா நிறத்தில் ஏமாறும், வெளிச்சத்தில் ஏமாறாது. எருமையை மூக்குக்கு நேரே நிறுத்தினால்தான் ஊசி இப்படிப் படுக்கும். வெறுங்கண்ணுக்கோ வெள்ளை, அதன் பின்னால் வெள்ளை.

"காளிராஜ்?"

துணி சொட்டியது. பிளீச்சிங் நெடிக்குள் இன்னொரு நெடி, நாள்பட்ட புண்ணின் கட்டை அவிழ்த்த மாதிரி.

கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் இடதுபக்கம் திருப்பினார். ஊசி ஏறியது. வலதுபக்கமும் ஏறியது. நேரே, படுத்தது. மறுபடி இடது. இப்போது அங்கேயும் படுத்தது.

பெரிதாகிறது. இல்லை, பக்கத்தில் வருகிறது.

ஊசி ஏறுகிற பக்கமாகவே நடந்தார். ஈரக் காஸ் முகத்தில் ஒட்டியது. உதறினார். ஊசி படுத்தது. விலகினார். ஏறியது. வாசல்.

வெயிலில் காளிராஜ் நின்றிருந்தான். அவர் வெளியே வந்ததும் கதவைச் சாத்தி, பூட்டு மாட்டினான். ஞானதுரை கேமராவால் வெள்ளைச் சுவரைப் பார்த்தார். ஊசி சொன்னபடி ஏறியது. அப்பாடா.

"எந்த வழியாலே வெளிய வந்தே?"

அவன் சிரித்தான்.

பூட்டிய கதவை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். "அண்ணாச்சி! வெளையாடாதிய! நான் உள்ள நிக்கேன், கதவத் தொறங்க!" காளிராஜின் குரல்.

ஞானதுரை கேமராவை உயர்த்தினார். வெள்ளைச் சட்டை. வெள்ளைப் பல். உச்சி வெயில்.

ஊசி படுத்தது.

கறுப்புக்கு மைனஸ் என்று கை தானாகவே டயலைத் திருகியது. கட்டத்துக்குள் அந்தச் சிரிப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது.