சிவப்பு வயர்

2003 ஜூலை. கட்கியில் மெக்கானிக் தங்கராஜின் ஒர்க்ஷாப்புக்குள் நான் நுழைந்தபோது மத்தியானம் மூன்று மணிதான். மழையில் விளக்கு வைக்கும் நேரம்போல் இருட்டிக் கிடந்தது. செத்துப்போன என் அண்ணன் லூர்துசாமியின் பழைய டாட்ஜ் காரை அவன் பளபளவென்று துடைத்து வைத்திருந்தான். அதை விலைக்கு வாங்கிய ஷ்யாமும் ப்ரீத்தியும் ஹடப்சரிலிருந்து கைக்குழந்தையோடு மறுநாள் வந்து ஓட்டிப்போவதாக ஏற்பாடு.

பானெட்டைத் தூக்கினேன்.

இக்னிஷன் காயிலுக்குப் போகும் கரண்டை மட்டுப்படுத்த பாலஸ்ட் ரெசிஸ்டர் என்று ஒரு பீங்கான் துண்டு உண்டு. பாவி, அதை ஒதுக்கிவிட்டு ஒரு சிவப்பு வயரை நேராக இழுத்திருந்தான். அப்படி இழுத்தால் என்றைக்காவது காயில் வெந்துபோய், ஓடுகிற கார் நின்றுவிடும். போன வருஷம் கோர்படி ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே நின்றது. அண்ணன் இறங்கித் தள்ளினான். கார் தப்பியது. அவன் தப்பவில்லை.

"இன்னும் அதே வயரா? நீயெல்லாம் மனுஷனாடா?"

"கத்தாத கிறிஸ்டோபர். காயில் புதுசு. பிந்தாஸ், கவலையில்லாம ஓடும்."

"புதுசும் வேகும்! கைக்குழந்தைடா!"

காயிலைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். இனி எவன் ஓட்டுவான் பார்ப்போம்.

தங்கராஜ் சீறினான். "வயர் போட்டது நான். ரெசிஸ்டர் போனப்ப அப்படிப் போடச் சொன்னது யாரு? 'நாளைக்கு என் நிச்சயதார்த்தம், கார் வேணும், பார்ட் வர்ற வரைக்கும் நிக்க முடியாது, அண்ணன்கிட்ட மூச்சு விடாத'ன்னு சொன்னது நீதானே?"

நான்தான். ஒரு வருஷமாக இவனைத் திட்டித் திட்டியே அதை மறைத்துவந்தேன்.

ரப்பர் கருகும் நாற்றம் வந்தது.

ஸ்டார்ட்டர் சுழன்றது.

சாவி தங்கராஜின் சட்டைப்பையில் இருந்தது.

இன்ஜின் பிடித்துக்கொண்டு உறுமியது.

"காயில்... உன் கையிலதானே இருக்கு?" என்று கிசுகிசுத்தான். பதிலுக்குக் காத்திருக்காமல் மழையில் ஓடினான்.

ஆளில்லாத டிரைவர் சீட் மெதுவாக அமுங்கியது. ஹெட்லைட் என் முகத்தில் அடித்தது. அந்த ஆத்திரத்தில் பயம்கூட எனக்குத் தோன்றவில்லை.

"நான்தாண்ணே சொன்னேன்! கோவம்னா என்னைக் கொண்டு போ. அந்தப் புள்ளைய விடு!"

உறுமல் தணிந்தது.

பக்கத்து சீட்டின் கதவு உள்ளிருந்து திறந்தது.