குழிக்குள் ஒருவர்

பிழைச் செய்திகள் நின்றுவிட்டன. அதன்பிறகுதான் இரும்புத் தகடு அழுத்தும் பெரிய பிரஸ் கிளம்ப மறுத்தது.

ஞாயிறு விடுமுறை. தகரக் கூரையின் வெயிலில் சூடேறிய எண்ணெய் வாடை நிறைந்திருக்க, ஜூஜுவாடி செக்போஸ்ட் பக்கம் ஊர்ந்து போகும் லாரிகளின் இரைச்சல் சுவர் தாண்டி வந்துகொண்டிருக்க, அணைந்து கிடந்த மெஷின்களின் நிழல்கள் தரையில் நீண்டிருந்த அந்தக் கூடத்தில் தௌசிப் மட்டும் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். பிரஸ்ஸின் திரையில் சிவப்பு எழுத்து: குழிக்குள் 1 ஆள்.

பிரஸ்ஸுக்கு அடியில் பழுது பார்க்கும் குழி. இறங்குகிறவர் விளிம்பிலுள்ள விரல் ரேகை மெஷினில் விரல் வைக்க வேண்டும். மேலே வந்து மறுபடி வைக்கும்வரை பிரஸ் கிளம்பாது. ஏறுமுன் இரும்பு ஏணியை மூன்று முறை தட்டுவது அங்கே வழக்கம்.

மூன்று வாரம் முன்பு பழைய விரல் ரேகை மெஷினை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தியவன் தௌசிப்தான். அதோடு வந்த சாஃப்ட்வேர் லைப்ரரியையும் அவனே கம்ப்யூட்டரில் போட்டான். பதிவுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸ் அந்த லைப்ரரியின் பழைய பதிப்பை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் மோதியதில், வைத்த விரல்கள் பதிவாகாமல் பிழைகளாக விழுந்தன. எதையும் நோட்டில் எழுதி இரண்டு முறை சரிபார்க்கிறவன், மாலை வகுப்புக்கு நேரமாகிறதென்று அன்று மட்டும் பார்க்காமல் போய்விட்டான். மறுநாள் கோவிந்தன் குழிக்குள் இருக்கும்போதே பிரஸ் இறங்கியது.

விரல் வைக்க மறந்துவிட்டார் என்றார்கள் எல்லோரும். கோவிந்தனின் மனைவி ராசாத்தி கேட்டருகே தௌசிப்பிடம் மட்டும் சொன்னாள்: “எங்க வூட்டுக்காரரு வெரல் வைக்காம எறங்க மாட்டாருங்க தம்பி.”

இன்று இரண்டு பதிப்புகளையும் பிரித்து வைத்ததும், மெஷினின் நினைவில் தேங்கிக் கிடந்த பதிவுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து சேர்ந்தன. கடைசியாக ஒன்று. கோவிந்தன், அவர் செத்த நாளின் தேதி, 3.42, உள்ளே. வெளியே வந்ததாக எதுவும் இல்லை.

அவர் மறக்கவில்லை.

மேனேஜர் பிரதாப்புக்குப் போன் போட்டான். “அந்த ஒரு வரிய எடுத்து உடு தௌசிப். நாளைக்கு ஷிப்ட் ஓடணும். செத்த மனுசனா வந்து வெளிய வெரல் வைக்கப் போறாரு?”

அந்த வரிதான் ஒரே சாட்சி. இருந்தால் தவறு யாருடையது என்று தெரிந்துவிடும். போனால், கோவிந்தன் என்றைக்கும் மறந்துபோன ஆள்தான். ராசாத்தியின் முகம் நினைவுக்கு வந்தது. பிறகு அழித்தான்.

திரையில் 0.

பிறகு 1.

வரி திரும்பியிருந்தது. லைப்ரரியைப் பார்த்தான். சரியாக இருந்தது. மறுபடி அழித்தான். வந்தது. இப்போது தேதி வேறு. இன்றைய தேதி. 4.17.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். 4.17.

லாரிச் சத்தம் இல்லை.

டங். டங். டங்.

ஏணி.

குழியின் விளிம்புக்குப் போனான். கீழே எண்ணெய் இருட்டு. அதிலிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்திருந்தது. கட்டைவிரலை நீட்டியபடி, மெஷின் இருக்கும் பக்கமாகத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தது.

எட்டவில்லை.