காயாத ஊதா மை

மில்லின் காலைச் சங்கு ஊதி ஓய்ந்ததும் செல்வாம்பாள் சாரம் பகுதியில் இருந்த வீட்டிலிருந்து கிளம்பினாள். அவள் அப்பா தெய்வசிகாமணிக்கு மில்லில் பாதி நாள் வேலை இருக்காது. புற்றுநோய்க் கட்டிக்குக் கதிர் வைக்கும் கோபால்ட் மெஷின் பயிற்சியை அவள் ஒழுங்காக முடித்தால், பயிற்சி தரும் ஆஸ்பத்திரியிலேயே வேலை என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மொத்த வீடும் இருந்தது.

ஆஸ்பத்திரியின் முன்பக்கம் பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம். உயரமான ஜன்னல்கள், மஞ்சள் சுவர், கடற்காற்று. கோபால்ட் அறை பின்னால் தனியாக இருந்தது. அதற்கு ஜன்னலே கிடையாது. கதிர் வெளியே கசியாதபடி கோட்டை மதில் கணக்காகச் சுவர். வெயில் கொளுத்தும் நேரத்திலும் உள்ளே சில்லென்று இருக்கும். ஊதா மையும் டெட்டாலும் கலந்து வாடை அடிக்கும்.

டெக்னீஷியன் பலராமன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வேலையை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டார். நோயாளியின் தோலில் டாக்டர் ஊதா மையால் குறி போடுவார். அந்தக் குறிக்கு நேராக மெஷினை நிறுத்த வேண்டும். பிறகு எல்லாரும் வெளியே வந்து ஈயக் கதவைச் சாத்திவிட்டுக் கரண்டு வைக்க வேண்டும். கரண்டு வைப்பது என்றுதான் ஊரே சொல்லும்.

"குறி அழிஞ்சிட்டா டாக்டர்கிட்ட அனுப்பிடு. நீ மையத் தொடவே கூடாது. புரியுதா?"

"சரிண்ணே."

அவரிடம் ஒரு வினோதமான பழக்கம் இருந்தது. கதவைச் சாத்தும் முன் அறைக்குள் பார்த்து, "எல்லாரும் வெளிய வந்துட்டீங்களா?" என்று கேட்பார். உள்ளே படுத்திருக்கும் நோயாளியைத் தவிர அங்கே ஈ, காக்கை இருக்காது. ஆனாலும் யாருக்கோ வழிவிடுகிற மாதிரி ஒதுங்கி நிற்பார். அப்புறம்தான் கதவை இழுப்பார்.

"யாரண்ணே கேக்கறீங்க?"

"கேக்கணும். அவ்ளோதான்."

செல்வாம்பாள் வீட்டில் அதை நடித்துக் காட்டி அம்மாவைச் சிரிக்க வைத்தாள்.

தீபாவளிக்கு மறுநாள் வழக்கம்போலத் தவளக்குப்பத்திலிருந்து அன்னக்கிளி வந்தாள். ரெண்டு பிள்ளைக்காரி. காதுக்குக் கீழே கட்டி. எலுமிச்சம்பழம் போல இருந்தது, கரண்டு வைக்க வைக்கச் சுண்டைக்காயாகச் சுருங்கிக்கொண்டு வந்தது. அன்றைக்கு முந்தானையால் கழுத்தை மூடியிருந்தாள். விலக்கிப் பார்த்தால் குறியைக் காணோம்.

"மாமியா விடல தங்கச்சி. நல்ல நாளும் அதுவுமா எண்ணெய் தேய்ச்சிக்காம இருந்தா வூட்டுக்கு ஆகாதுன்னு சீயக்காயப் போட்டுத் தேய்ச்சி வுட்டுட்டாங்க."

"டாக்டர் லீவுல இருக்காருக்கா. அடுத்த வாரந்தான் வருவாரு."

அன்னக்கிளி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நடுவுல நிறுத்துனா மறுபடி பெருசாவும்னு சொன்னாரே. நீதான் தெனம் பாக்கறியே, நீயே போட்டுடு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பலராமன் ஸ்டோருக்குப் போயிருந்தார். செல்வாம்பாளுக்குப் பாவமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டே அந்த இடத்தைக் காட்ட முடியும் என்ற தெனாவட்டும் இருந்தது. குச்சியில் பஞ்சைச் சுற்றி மையில் தோய்த்துக் குறியைப் போட்டாள். அவர் வருவதற்குள் முடித்துவிடும் அவசரத்தில் கதவைச் சாத்தினாள்.

பலராமன் போல எதையும் கேட்கவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே இருக்கும் மைக் வழியாக மெஷினின் முனகல் கேட்டது. அதற்கடியில் இன்னொரு சத்தம். ஈரத் துணியால் எதையோ தேய்க்கிற சத்தம்.

கதவில் பதித்திருந்த ஈயக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

அன்னக்கிளியின் தலைமாட்டில் ஒருத்தி குனிந்து நின்றாள்.

முடி கொட்டிய தலை. ஒரு பக்கம் கறுத்துப்போன கழுத்து.

ஒலிபெருக்கியில் மூச்சுக் காற்றாக ஒரு குரல் வந்தது.

"இங்க... இங்கதான்."

செல்வாம்பாள் மெஷினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. கருகிய தோலின் வாடை மட்டும் இருந்தது. அவள் போட்ட குறி சுத்தமாகத் துடைக்கப்பட்டு, ரெண்டு விரற்கடை மேலே புதுக்குறி இருந்தது. மை ஈரமாகப் பளபளத்தது.

"நீதான வந்து தொடைச்சிட்டுத் திரும்பப் போட்ட?" என்றாள் அன்னக்கிளி கண்ணைத் திறக்காமல். "கை என்னா இப்பிடி சில்லுன்னு இருக்குது?"

அந்தப் பயத்திலும் செல்வாம்பாள் ஒரு கணக்குப் போட்டாள். தான் தப்பான இடத்தில் போட்டிருக்க வேண்டும், ஏதோ நல்ல ஆத்மா வந்து திருத்தியிருக்கிறது. வெளியே சொன்னால் பயிற்சி போய்விடும், அன்னக்கிளிக்கும் கரண்டு நின்றுவிடும். மெஷினைப் புதுக்குறிக்கு நகர்த்தினாள்.

மறுநாள் பலராமனும் அந்தக் குறிக்கு நேராகத்தான் வைத்தார். குறி டாக்டர் போட்டது என்று நினைத்தார். லீவு முடிந்து வந்த டாக்டரும் கட்டியைத் தடவிப் பார்த்தாரே தவிரக் குறியைச் சந்தேகப்படவில்லை. வாரங்கள் போகப் போக மேலே தோல் கறுத்துக் கருகியது. கீழே கட்டி திரும்ப எலுமிச்சம்பழமானது. மார்கழியில் அன்னக்கிளிக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

பொங்கலுக்குப் பிறகு அவள் புருஷன் பக்கிரி மட்டும் வந்தான். "நல்லா சுருங்கிக்கிட்டுதானம்மா வந்துது. அப்புறம் என்னா ஆச்சி?" என்று கேட்டுக் குழந்தை மாதிரி அழுதான். செல்வாம்பாளுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

அவன் போனதும் பலராமனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை. முகம் வெளிறி உட்கார்ந்துவிட்டார்.

"தையல்நாயகின்னு ஒருத்தி. எனக்கு முன்னாடி இங்க இருந்த ஜானகிராமன், அழிஞ்ச குறிய அவரே குத்துமதிப்பா போட்டுட்டாரு. தப்பான எடம். கழுத்து வெந்து செத்தா. அதுலேர்ந்து டாக்டர் போடாத குறியப் பாத்தா வந்துடுவா. அதத் தொடைச்சிட்டு, தனக்குப் போட்ட எடத்துலயே போடுவா. அவளுக்குத் தெரிஞ்சது அந்த எடம் ஒண்ணுதான்."

"அப்ப நீங்க கேக்கறது..."

"கேட்டா வெளிய போயிடுவா."

"ஜானகிராமன் இப்ப எங்கண்ணே?"

பலராமன் உள்ளே இருந்த பலகையைப் பார்த்தார். "அவருக்கும் அப்புறம் கழுத்துலதான் கட்டி வந்துது. இதே பலகையில படுக்கவெச்சி நான்தான் கரண்டு வெச்சேன்."

அவள் செய்ததை அவர் மேலதிகாரிகளிடம் சொல்லவில்லை. செல்வாம்பாள் பயிற்சியில் தேறினாள், வேலையும் கிடைத்தது. கதவைச் சாத்தும் முன் அவளும் கேட்டாள். நோயாளிகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த தீபாவளி விடிந்தது. தெருவெல்லாம் பட்டாசு. அம்மா அவளை மணையில் உட்கார வைத்து, தலையில் எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்தாள். கூந்தலை ஒதுக்கிய கை காதுக்குக் கீழே நின்றது.

"என்னாடி, வேல செய்யற எடத்து மைய கழுத்துலயா பூசிக்கிட்டு வருவ?"

செல்வாம்பாளின் கழுத்தில் சில்லென்று ஒரு விரல் பட்டது. அம்மாவின் ரெண்டு கையும் அப்போது சொம்பில் இருந்தன.

அம்மா தண்ணீரை ஊற்றி அழுத்தித் தேய்த்தாள். திரும்பவும் தேய்த்தாள்.

"போவவே மாட்டேங்குதே. இப்பத்தான் போட்ட மாதிரி ஈரமா இருக்குதேடி."