டேப்பின் மறுமுனை

"தனியாவா போறீங்க? டேப்பைப் பிடிக்க ஆள் வேணாமா?" என்று கேட்டபடி காவலாளி சாவியை நீட்டினார்.

"ஒரே ஒரு அளவுதான் அண்ணே. டேப் முனையில கொக்கி இருக்கு, மாட்டிக்குவேன்."

பல ஊர்க்காரர்கள் வந்து அண்ணாந்து பார்க்கும் மணிக்கோபுரம் அது. அடியில் சதுரம், பாதிக்கு மேல் எண்கோணம். சுவருக்குள்ளேயே சுழன்று ஏறும் படிகள். சதுரம் எந்த இடத்தில் எண்கோணமாகிறது என்பதை வரைந்து காட்டியவள் என் தோழி. கல்லூரி நாளிலிருந்து சேர்ந்தே அளப்போம். டேப்பின் முனையை அவள் பிடிப்பாள், நான் அளவைப் படிப்பேன். உட்கார்ந்து வரைவதெல்லாம் அவள்தான்.

எட்டு மாதம் முன்பு இறந்துபோனாள். வரைபடங்களின் மூலையில் இருந்த அவள் பெயரை நான் பிளேடால் சுரண்டி எடுத்தேன். காகிதம் கிழியாமல், வெகு கவனமாக.

அந்த வரைபடங்களின் புத்தகம் நாளை அச்சுக்குப் போகிறது. மணி அறையின் அகலம் மட்டும் விடுபட்டிருந்தது.

அறையில் பகல் வெளிச்சம். புறா எச்சமும் பழைய மரமும் கலந்த வாடை. எதிர்ச்சுவரின் விளிம்பில் கொக்கியை மாட்டி, மணிக்கு அடியில் டேப்பை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தேன்.

டேப் தொய்ந்தது. கொக்கி கழன்றுவிட்டது.

பிறகு இறுகியது.

"பிடிச்சுட்டேன். படி."

மணிக்குப் பின்னால், அவள் குரல்.

பழகிய நாக்கு தானாகப் படித்தது. "ஏழு மீட்டர் நாற்பது."

"கண்ணாடியப் போட்டுட்டுப் படிடி, கெழவி."

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ஏழு மீட்டர் நாற்பத்திரண்டுதான்.

கைப்பேசி அடித்தது. பதிப்பாளர். "மேடம், அட்டை ரெடி. அளந்து வரைந்தவர்னு உங்க பேர் மட்டும்தானே?"

டேப் துளியும் அசையவில்லை. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பயமில்லை. அவள் மணியைச் சுற்றி வந்து என் முகத்தைப் பார்த்துவிடுவாளோ என்றுதான் உடம்பு கூசியது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, அவளுக்குக் கேட்காத குரலில் சொன்னேன்.

"ஆமா. என் பேர் மட்டும்."

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சரி, அடுத்தது எங்கடி பிடிக்கணும்?"

ஓடினேன். டேப்பைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை. சுழலும் படிகளில் அது என் பின்னால் நீளமாக வந்தது. கொக்கி படிக்குப் படி இடித்துச் சத்தம் போட்டிருக்க வேண்டும்.

போடவில்லை.

தரையில் படவிடாமல் தூக்கிக்கொண்டு வருகிறாள். கொக்கி வளைந்தால் என் அளவு தப்பாகிவிடுமாம்.